ஒரு திருகாணி நீளம்

அன்று காலை மாடியைக் கழுவி விட்டிருந்தோம். தரை முழுக்கக் காயவில்லை. வெறுங்காலோடு நின்றுகொண்டு, பழுது பார்த்து அப்போதுதான் மூடி முடித்த சேண்டரை, அதாவது மரம் தேய்க்கும் மெஷினை, இடது கையில் பிடித்தபடி, வலது கையால் சுவர் ஸ்விட்சைப் போட்டேன். மெஷினின் பொத்தானை இன்னும் தொடவே இல்லை. இடது கை முழங்கை வரைக்கும் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. சேண்டர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கீழே சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி பாதியில் நின்றது. “ஏங்க, கரண்டு போயிருச்சா?” என்று மனைவி குரல் கொடுத்தாள்.

கரண்டு போகவில்லை. மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி விழுந்திருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சின்னப் பெட்டியை, இரண்டு வருடத்துக்கு முன் வயரிங் மாற்றியபோது எலக்ட்ரீஷியன் வற்புறுத்தி வைத்துவிட்டுப் போனார். “எதுக்குண்ணே வீண் செலவு” என்று அவரிடம் நான் பேரம் பேசியதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்று நடந்ததற்குக் காரணம் சேண்டர் பழுதானது இல்லை. அதை நான் பழுது பார்த்தது. பழுதான மெஷின் பாட்டுக்குப் பேசாமல் மூலையில் கிடந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நான் கை வைத்த பிறகுதான் அது ஆளை அடிக்கக் கற்றுக்கொண்டது.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். நான் காரைக்குடிக்காரன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவும் நிலையும் சன்னலும் அங்கே எப்படிக் குவிந்து கிடக்கும் என்று. எனக்கு மர வேலை தொழில் இல்லை, பைத்தியம். நல்ல மரமாக ஒன்றிரண்டு கதவு வாங்கி, மாடிக் கொட்டகையில் வைத்து, சுரண்டி, தேய்த்து, மேசையாகவோ பெஞ்சாகவோ ஆக்குவேன். முதல் கதவை உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கையாலேயே தேய்த்தேன். மூன்று வாரம் ஆனது. தோள்பட்டை போனது. அப்புறம்தான் சேண்டர் வாங்கினேன்: உப்புத்தாள் ஒட்டும் ஐந்து அங்குல வட்டத் தட்டு (பேடு), 300 வாட், நிமிடத்துக்கு 12,000 சுற்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. விலை நாலாயிரத்துக்குள். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வகை மெஷின் எல்லாமே உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மேலே மிக்சியில் இருப்பது போன்ற மோட்டார்: நடுவில் சுற்றும் ஆர்மேச்சர், அதை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டு. மோட்டார் தண்டின் கீழ்முனையில் ஒரு பேரிங், நடுவை விட்டுச் சற்றே தள்ளி மாட்டப்பட்டிருக்கும். தள்ளல் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். பேடு அந்தப் பேரிங்கில்தான் தொங்குகிறது. அதனால் தண்டு சுற்றும்போது பேடு சின்னச் சின்ன வட்டமாக ஆடுகிறது. அதோடு பேரிங்கில் தளர்வாக இருப்பதால் தன் போக்கில் மெதுவாகச் சுழலவும் செய்கிறது. இந்த இரண்டு அசைவும் கலப்பதால்தான் மரத்தில் ஒரே கோடு திரும்பத் திரும்ப விழுவதில்லை. ஒருபக்கமாகத் தள்ளி ஆடுகிற எடையைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஒரு கனமான இரும்புத் துண்டு உண்டு. மோட்டாரைக் குளிர்விக்கவும் தூசியைப் பைக்குள் தள்ளவும் காற்றாடி இருக்கிறது.

இந்தக் காற்றாடிதான் மெஷினுக்கு உயிரும் எமனும். குளிர்ச்சிக்காக வெளிக்காற்றை இழுக்கிறது, அந்தக் காற்றில்தான் அதே மெஷின் கிளப்பிய தேக்குப் பொடியும் மிதக்கிறது. சேண்டர் தின்பது, மூச்சுவிடுவது, சாவது எல்லாம் தன் தூசியிலேயே. பேரிங் கிரீஸில் பொடி கலந்தால் அது கிரீஸ் இல்லை, தேய்ப்புக்குழம்பு. காற்றுத் துவாரம் அடைத்தால் மோட்டார் சுடும். சுட்டால் காயிலின் வார்னிஷ் கருகும்.

ஆகவே பராமரிப்பு என்று நான் செய்வதில் முக்கால்வாசி தூசி வேலைதான். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மெல்லிய பெயிண்ட் பிரஷால் துவாரங்களைத் துடைப்பேன். மாதம் ஒருமுறை ஊதுவேன். ஊதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டுபோய்த் துவாரத்தில் நேராக வைத்து முழு அழுத்தத்தில் அடித்தால் வெளியே இருந்த தூசி பேரிங்குக்குள் குடியேறும். தள்ளிப் பிடித்து, மெதுவாக, காற்று போகிற திசையிலேயே ஊத வேண்டும். மூக்கில் மாஸ்க், கண்ணில் கண்ணாடி. தூசிப்பையைப் பாதி நிறையும்போதே கொட்டிவிடுவேன். நிறைந்த பையோடு ஓட்டினால் உறிஞ்சும் சக்தி போய்விடும், உப்புத்தாள் பேப்பரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பையை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் வைப்பதும் இல்லை. பழைய கதவில் எங்காவது ஒரு ஆணி மறைந்திருக்கும். சேண்டர் அதில் உரசினால் பொறி பறக்கும். அந்தப் பொறி நேராகத் தூசிப்பைக்குள்தான் போகும். மரப்பொடி உடனே தீப்பிடித்து எரியாது, உமி மாதிரி உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். மாடியில் ஒரு பழைய தகர டின் வைத்திருக்கிறேன், பொடியெல்லாம் அதில்தான். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவைப்பதும் இதே பயத்தில்தான். அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் சாமான்.

பெயிண்ட் அடித்த கதவென்றால் சேண்டரைத் தொடவே மாட்டேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டமாக நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஐம்பது வருடத்துப் பச்சை எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? அதைப் பொடியாக்கிக் காற்றில் விட்டுவிட்டு, கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை எப்படிக் காயப்போடுவது? பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி எடுத்து, மரம் தெரிந்த பிறகுதான் சேண்டர். வெறும் மரத்தூசியும் ஒன்றும் சாது இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1995-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் பட்டறைகளில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

சரி, பழுதுக்கு வருவோம். வாங்கி ஒன்றரை வருடத்தில் சேண்டர் விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது. லேசாகத் தட்டினால் ஓடும், அழுத்தினால் நிற்கும். துவாரம் வழியே பார்த்தால் நீலப் பொறி நிறையத் தெரிந்தது, ஒரு தீய்ந்த வாடையும் வந்தது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் தேவையில்லை. சில மெஷின்களில் பக்கவாட்டு மூடியைத் திருகினாலே பிரஷ் வெளியே வந்துவிடும். என்னுடையதில் உடலையே இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்து பார்த்தேன். ஒரு பிரஷ் சுண்டுவிரல் நகத்தளவுக்குக்கூட மிச்சமில்லை.

உள்ளூரில் அந்த அளவு கிடைக்கவில்லை. கடைக்காரர் பெரியது ஒன்றை எடுத்து, “உப்புத்தாள்ல தேச்சுச் சரி பண்ணிக்கங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார். வீட்டுக்கு வந்து தேய்த்தேன். ஒன்று சரியாக அமைந்தது, இன்னொன்றைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். கூண்டுக்குள் ஆடுகிற பிரஷ் பொறியை இன்னும் அதிகமாக்கியது. இறுக்கமாக இருந்தாலும் ஆபத்துதான். ஸ்பிரிங்கால் தள்ள முடியாமல் பிரஷ் நடுவழியில் நின்றுவிடும். கடைசியில் பழைய பிரஷின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஜோடி நூற்றுச்சொச்சம் ரூபாய். பஸ் செலவும் ஒரு நாள் லீவும் தனி. ஒன்று நன்றாக இருக்கிறதே என்று ஒற்றையாக மாற்றக்கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். போட்டபின் ஐந்து நிமிடம் மரத்தில் வைக்காமல் சும்மா ஓடவிட வேண்டும். பிரஷின் தட்டையான முனை, ஆர்மேச்சர் செம்பின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து உட்காரும் வரை கொஞ்சம் பொறி வரத்தான் செய்யும்.

அந்தச் செம்பு கறுத்திருந்தால் மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம். இரும்புக்குப் போடும் கறுப்பு எமரித் துணி வேண்டாம். அதன் துகள் மின்சாரம் கடத்தக்கூடியது; செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் ஆர்மேச்சரே போய்விடும்.

இப்போது அந்தத் திருகாணி. மெஷினைத் திரும்ப மூடும்போது ஆறு திருகாணியில் ஒன்றைக் காணோம். மாடியில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் உருண்டிருக்க வேண்டும். ஆணி டப்பாவைக் கிளறி, அதே தடிமனில், அதே தலையோடு ஒன்று எடுத்துப் போட்டேன். ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடுதல், முனையும் கூர். முழுசாக உள்ளே இறங்கி உட்கார்ந்ததும் எனக்குத் திருப்தி. திருகாணி இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் அடியைப் பொத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் போகும் வயருக்குள் அது இறங்கியதை நான் எங்கே பார்த்தேன்? வெளியே தெரிந்தது திருகாணித் தலை மட்டும். அந்தத் தலையில்தான் என் இடது கை நடுவிரல் இருந்தது.

அடி வாங்கிய மறுநாள் மெஷினைக் காயில் கட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பம்புசெட் மோட்டாரும் கிரைண்டருமாக நிறைந்த பத்தடிக் கடை. கழற்றிப் பார்த்தார். பிரவுன் வயரில் ஒரு ஊசிக்குத்து, அதைச் சுற்றிக் கடுகளவு கரி. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெஷினைத் திருப்பிப் பெயர்த்தகட்டைக் காட்டினார்.

“இந்தக் கட்டத்துக்குள்ள கட்டம் போட்டுருக்கே, இது என்னன்னு தெரியுமா தம்பி?”

தெரியவில்லை என்றேன்.

அந்தச் சதுரத்துக்குள் சதுரம், மெஷினுக்கு இரட்டைக் காப்பு உண்டு என்பதற்கான குறி. வயருக்கு மேல் ஒரு காப்பு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உடல் இன்னொரு காப்பு. அதனால்தான் அதற்கு எர்த் வயர் கிடையாது, பிளக்கில் இரண்டே முள். எர்த் இருக்கும் மெஷினில் உடலில் கரண்டு வந்தால் அது எர்த் வழியே ஓடி பியூஸைப் போக்கும். இதில் அந்த வழியே இல்லை. காப்பு உடைந்தால் ஒரு சத்தமும் வராது, ஒன்றும் எரியாது, யாராவது தொடும்வரை காத்திருக்கும். “அன்னைக்கு நீங்கதான் எர்த்து” என்றார் அண்ணன். போதாததற்கு வெறுங்கால், ஈரத்தரை.

ஆனால் மெஷின் பொத்தானை நான் அழுத்தவே இல்லையே என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். வயர் பொத்தானுக்குப் போகும் முன்னாலேயே திருகாணி குத்தியிருந்தது. அப்படியே பின்னால் குத்தியிருந்தாலும் பொத்தானை நம்ப முடியாது. பொத்தான் இரண்டு வயரில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. இரண்டு முள் பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம். ஒரு பக்கமாகச் சொருகினால் பொத்தான் கரண்டு வரும் பேஸ் வயரைத் துண்டிக்கும். திருப்பிச் சொருகினால் கரண்டு திரும்பும் நியூட்ரல் வயரைத் துண்டிக்கும், மோட்டார் நிற்கும், உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும். ‘ஆஃப் பண்ணிட்டேன்’ என்பது இந்த மெஷினில் ஒரு சமாதானம் மட்டுமே. பேப்பர் மாற்றக்கூட இப்போது நான் பிளக்கைப் பிடுங்கி, கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன்.

பிறகு அவர் செய்துகாட்டிய சோதனைதான் இந்த முழுக் கதையிலும் எனக்குக் கிடைத்த லாபம். புது வயர் போட்டு, சரியான நீளத்தில் திருகாணி தேடிப் போட்டு மூடினார். பிளக்கின் இரண்டு முள்ளையும் ஒரு செம்புக்கம்பியால் சேர்த்துக் கட்டினார். மெக்கரின் ஒரு முனையை அதில் மாட்டி, இன்னொரு முனையை ஒவ்வொரு திருகாணித் தலையிலும், பேடு மாட்டும் போல்டிலும் தொட்டுக்கொண்டே வந்தார். மெக்கர் 500 வோல்ட் கொடுத்துக் காப்பைப் பார்க்கும் கருவி. மெக்கரின் முள் ஒருபோதும் கீழே இறங்கவில்லை, காப்பு சரியாக இருந்தது. “மிசின் பொத்தான ஆன்ல வச்சுத்தான் பாக்கணும். ஆஃப்ல வச்சுப் பாத்தா வாசல்ல நின்னுட்டு வீடு நல்லாருக்குன்னு சொன்ன மாதிரி” என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். என் வீட்டிலேயே ஒரு மல்டிமீட்டர் சும்மா கிடக்கிறது. குத்திய திருகாணியை அதன் பீப் சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும். அரை நிமிட வேலை.

அவர் மடியில் இன்னொரு வித்தையும் உண்டு. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கோத்த பலகை. பழுது பார்த்த எந்த மெஷினையும் முதலில் அதன் வழியாகத்தான் ஓட்டுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே எரியும், மெஷினுக்கும் போர்டுக்கும் சேதமில்லை. நன்றாக இருந்தால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மோட்டார் மெதுவாகச் சுற்றத் தொடங்கியதும் மங்கிவிடும். இது ஷார்ட்டைத்தான் காட்டும், திருகாணி மாதிரியான கசிவைக் காட்டாது. இரண்டு சோதனையும் வேண்டும். குண்டு பல்பு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. பூஜை அறையில் இருந்த ஒன்றை மனைவியிடம் கெஞ்சி வாங்கினேன்.

அதன்பின் பேரிங்கும் ஒருமுறை போனது. சரசரவென்று சத்தம், பேடு பக்கம் கை வைக்க முடியாத சூடு. பேரிங்கின் எண் 608, ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் அதே அளவு, எங்கும் கிடைக்கும். வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். இசட்இசட் என்றால் இருபுறமும் தகர மூடி. டூஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. தூசியில் வாழும் மெஷினுக்கு ரப்பர்தான். மாட்டும்போது சுத்தியலால் வெளிவளையத்தில் தட்டினால் புதுப் பேரிங் அங்கேயே பாதி ஆயுளை விட்டுவிடும். தண்டில் ஏறுவது உள்வளையம், அதை மட்டும் தாங்குகிற அளவில் ஒரு குழாய்த் துண்டு வைத்து அழுத்த வேண்டும். இதை நான் செய்யவில்லை, அண்ணன் செய்ய, பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன்.

பலர் பழுது என்றே நினைக்காத ஒன்று, பேடுக்கு மேலே இருக்கும் ரப்பர் வளையம். பேடு காற்றில் தறிகெட்டுச் சுழலாமல் பிடித்து வைக்கும் பிரேக் அது. தேய்ந்துவிட்டால், மரத்தில் வைக்கும் அந்த ஒரு நொடியில் பன்றிவால் மாதிரிச் சுருட்டைக் கீறல் விழும். வார்னிஷ் அடிக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நான் ஒரு மாதம் பேப்பரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பேப்பரைப் பிடித்துக்கொள்ளும் பேடின் குட்டிக் கொக்கிகளும் அப்படித்தான், மெஷினை அமுக்கித் தேய்த்தால் சூட்டில் உருகிவிடும். அப்புறம் பேப்பர் ஒட்டாது, பறக்கும். மெஷினின் எடையே போதும், கை வெறுமனே வழி காட்டினால் சரி.

வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில், ரப்பர் உறைக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உள்ளே அறும். அதைக் கறுப்பு டேப் சுற்றி ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அறுந்த இடத்துக்கு மேல் வெட்டிவிட்டு, மிச்ச வயரை உறைக்குள் விட்டு, உள்ளே இருக்கும் கவ்வியில் இறுக்கிப் போட்டால் ஓர் அடி குறையும், அவ்வளவுதானே. வயரே மாற்றினாலும் அதே ரப்பர் உறை போட்ட இரண்டு கோர் வயர்தான்.

பொத்தானை அழுத்தியபடியே நிறுத்திவைக்கும் பூட்டு என் மெஷினில் இருக்கிறது. கரண்டு போனால் அதை முதலில் விடுவிக்க வேண்டும். 2012-இல் ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்டு இல்லாத காலத்தில், தெரிந்த பட்டறை ஒன்றில் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் கரண்டு வந்து, பூட்டிய நிலையில் விட்டிருந்த கிரைண்டர் தானாக மேசையில் நடந்து கீழே குதித்தது. ஆள் இல்லாததால் அதைச் சிரிப்பாகப் பேசினார்கள்.

ஆர்மேச்சர் கருகினால் நான் கட்டக் கொடுக்கப் போவதில்லை. இத்தனை வேகத்தில் சுற்றுவதைச் சமன் பார்த்துக் கட்டுவது சிரமம், கூலியும் மெஷின் விலையில் பாதி வந்துவிடும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். உடல் விரிந்து பிளந்தாலும் பசை போட்டு ஒட்டி ஓட்டமாட்டேன். அந்த உடல்தான் இரண்டாவது காப்பு.

இப்போது மெஷினைப் பிளந்தால் முதலில் போனில் ஒரு படம், வயர் எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்று. திருகாணிகள் தோசைத்தட்டில் போய்விடும், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே வரிசையில். அந்த நீளத் திருகாணியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, கொட்டகை நிலையில் தொங்குகிறது. பிளக் சொருகப் போகும் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறதோ தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த நேரத்துக்குச் சமையலறையிலிருந்து குரல் வரும்.

“ஏங்க, காலுல செருப்பு இருக்கா?”

நேற்றும் கேட்டாள். இல்லை. இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.